திரியில் கவனம் வை, பிள்ளை

குருநகர்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நத்தாருக்கு அயலவர்களுக்குக் கொடுக்க வீட்டிலேயே மெழுகுதிரி வார்க்கப் போவதாகவும், ரொறன்ரோக் கடைகளில் அச்சுகள் விற்பதாகவும் எழுதியிருந்தாய். அச்சு வாங்காதே. அந்தக் காசை நல்ல மெழுகுக்கும் நல்ல திரிக்கும் போடு.

மரித்தோர் நினைவுநாள் முடிந்த மறுநாள், சேமக்காலையில் கல்லறைகளின்மேல் உருகி வழிந்த மெழுகை நீயும் அண்ணாவும் சுரண்டிக்கொண்டு வருவீர்கள். அதை மா பேணியில் உருக்கிப் பப்பாசித் தண்டில்தானே வார்த்தோம்? இலைக்காம்பின் ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, மறுமுனையில் ஈர்க்கை வைத்து நூலைத் தொங்கவிடுவோம். மெழுகு இறுகியதும் தண்டை உரித்தால் நீண்டு மெலிந்த மெழுகுதிரி கையில் வரும். அதற்கு எந்தக் கடை அச்சும் நிகரில்லை.

அங்கே பப்பாசித் தண்டுக்கு எங்கே போவாய்? வெறும் பால் பெட்டி போதும். அதன் நடுவில் ஒரு சாதாரண மெழுகுதிரியை நிறுத்தி, சுற்றிவரப் பனிக்கட்டித் துண்டுகளை நிரப்பிச் சூடான மெழுகை ஊற்று. பனிக்கட்டி பட்ட இடத்தில் மெழுகு உடனே உறையும்; பிறகு கட்டி கரைந்து தண்ணீராகிவிடும். பெட்டியைக் கிழித்துத் தண்ணீரை வடித்தால், பவளப்பாறை போல ஓட்டை ஓட்டையாக நிற்கும். பெரிய துண்டு போட்டால் பெரிய துளை, நொறுக்கிப் போட்டால் பொடித் துளை. நடுவில் வெறும் நூலை மட்டும் விடாதே, நனைந்துவிடும்; நனைந்த திரி எரியாது. அதற்குத்தான் ஆயத்த மெழுகுதிரியை நடுவில் வைப்பது.

அழகு எப்படியும் வந்துவிடும்; எரிவதுதான் முக்கியம். முறுக்கிய நூலைவிடப் பின்னிய பருத்தித் திரி நல்லது. எரியும்போது அதன் நுனி வளைந்து சுவாலையின் ஓரத்துக்கு வந்து சாம்பலாகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பின்னல் திரி வரும்வரை, கருகிய நுனியை ஆட்கள் கத்தரித்துக்கொண்டே இருந்தார்கள். திரி மெல்லியதானால் உருகிய மெழுகில் மூழ்கி அணையும். தடித்தால் புகை கக்கும். அகலமான பாத்திரத்துக்குத் தடித்த திரி வேண்டும். வார்க்கமுன் திரியை உருகிய மெழுகில் தோய்த்து, நீட்டிக் காயவிடு.

மெழுகுப் பேணியை நேரே அடுப்பில் வைக்கவே கூடாது. தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கு. கொதிநீர் 100 பாகையைத் தாண்டாது, மெழுகும் தீப்பிடிக்கும் சூட்டுக்குப் போகாது. தப்பித் தவறிப் பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடு. தண்ணீர் ஊற்றினால் தீ சீறி எழும். பேத்தியைக் குசினிக்குள் விடாதே. மிஞ்சிய மெழுகைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதே, குழாய் அடைபடும்.

சமையல் நிறம் தண்ணீரில் கரைவது, மெழுகோடு சேராது. கிரயோனைக் கரைத்தால் அதன் தூள் திரியை அடைக்கும். மெழுகுக்கென்று விற்கும் சாயமே சரி. வாசனை எண்ணெய் 100 கிராம் மெழுகுக்கு 6 கிராம் தாராளம். காய்ந்த பூக்களை உள்ளே வைத்து வார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. சுவாலை எட்டும்போது அவையும் பற்றிக்கொள்ளும்.

ஆறும்போது மெழுகு சுருங்கித் திரியைச் சுற்றிப் பள்ளம் விழும், பயப்படாதே. கொஞ்சம் மிச்சம் பிடித்து, இரண்டாம் முறை சூடாக்கி நிரப்பிவிடு. எல்லாவற்றையும் பொதி செய்யமுன் ஒன்றை ஏற்றி, கடைசிவரை எரிகிறதா என்று இருந்து பார்.

சிரட்டையில் வார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்டாயே, நன்றாக இருக்கும். கண் இல்லாத பாதியை எடுத்து, தும்பு போகத் தேய்த்து, அடியில் வளையம் வைத்தால் உருளாது. அடியில் ஒரு விரல் மெழுகு மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிடச் சொல்லிக் கொடு. அப்பா ஏற்கெனவே தேய்க்கத் தொடங்கிவிட்டார். மாமி கார்த்திகையில் அங்கே வருகிறா, அவவிடம் கொடுத்துவிடுகிறேன். எத்தனை வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
அம்மா