சித்தப்பாவுக்கு, கசங்கிய கோட்டுக்காரரைப் பற்றி

அன்புள்ள சித்தப்பா,

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தபோது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பில் 'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரைப் போட்டுக் காட்டினேன். கால் மணி நேரம்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். கொன்றவன் கைரேகையைத் துடைத்துவிட்டுக் கிளம்பியதுமே, "கொன்னவன் யாருன்னு அவனே காட்டிட்டான். அப்புறம் என்னத்துக்குடா உக்காந்து பாக்கணும்?" என்று எழுந்துவிட்டீர்கள். திண்ணைக்குப் போகிற வழியில், திரையில் போலீஸ்காரரான கொலம்போ கசங்கிய கோட்டோடு, சுருட்டும் கையுமாக நுழைவதைப் பார்த்துவிட்டு, "இவனா போலீஸ்? எங்க ஸ்டேஷன்ல பாராக்காரன் உள்ளேயே விட்டிருக்க மாட்டான்" என்று ஒரு சிரிப்பு வேறு.

முப்பத்து நான்கு வருஷம் காக்கி போட்டவரிடம் அங்கேயே வாதாட எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் பதில்கள் வந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன். சித்தியின் போனில் பெரிய எழுத்தாக வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாரா விஷயம். நீங்கள் சொன்னது சரி, உள்ளே விடமாட்டார்கள். தொடரிலேயே விடுவதில்லை. 1974இல் வந்த ஒரு கதையில் சாட்சியைத் தேடி ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் இடத்துக்குப் போகிறார். அங்கிருக்கும் கன்னியாஸ்திரீ இவரை வீடில்லாதவர் என்று நினைத்து உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார். போதாததற்கு, "உங்களுக்கு வேறு ஒரு நல்ல கோட்டு பார்த்துத் தருகிறேன்" என்று அலமாரியைத் துழாவுகிறார். இவரும் மறுக்கத் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸ் கொலைப் பிரிவு லெப்டினன்ட்!

அந்தக் கோட்டு நடிகர் பீட்டர் ஃபாக் தன் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து வந்தது. மூன்று வயதிலேயே வலது கண்ணை இழந்தவர் அவர். அந்தச் சாய்ந்த பார்வை நடிப்பு மட்டுமில்லை, கண்ணாடிக் கண்ணும் சேர்ந்து செய்த வேலை. ஓட்டுகிற கார் ஒரு பழைய பியூஜோ 403. நின்றால் தள்ளத்தான் வேண்டும் என்று தோன்றும். பாத்திரத்தை உருவாக்கியவர்கள் ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இருவர், பிலடெல்பியாவில் பள்ளிக்கூட நாளிலிருந்தே நண்பர்கள். ஃபாக் அந்த வேஷத்தைப் போட்டது 1968இல். கடைசிக் கதை 2003இல். இடையில் பத்து வருஷத்துக்கு மேல் இடைவெளி விட்டும், மொத்தம் 69 கதைகள்.

துப்பாக்கி பற்றிச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். இந்த மனுஷன் பத்து வருஷமாகச் சுடும் தேர்வுக்கே போகவில்லை. மேலிடத்திலிருந்து விரட்டி விரட்டிக் கேட்கிறார்கள். கடைசியில் தன் பேரில் வேறொரு போலீஸ்காரரை அனுப்பிச் சுடவைக்கிறார். உங்கள் காலத்தில் இதற்கு மெமோ நிச்சயம், சஸ்பென்ஷனே வந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, இவரிடம் என்ன இருக்கிறது? பேச்சு. அதுவும் மெச்சுகிற பேச்சு. கொலைகாரரின் பங்களாவில் நின்றுகொண்டு, "இவ்வளவு பெரிய வீடா! இதற்கு வரியே எவ்வளவு வரும் சார்?" என்பார். "என் மனைவி உங்கள் பரம ரசிகை" என்பார். அந்த மனைவியை நாம் ஒருநாளும் பார்ப்பதில்லை. கேட்கிறவன் உச்சி குளிர்ந்துபோவான். நான் இதைப் பார்க்கும்போதெல்லாம் புறநானூறு 95ஆம் பாட்டை நினைத்துக்கொள்வேன். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய ஆயுதச் சாலையைப் பார்த்து, "உன் வேல்களெல்லாம் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலுக்குள் அழகாக இருக்கின்றன. எங்களவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன" என்றாளே, அந்தப் பாட்டு. வஞ்சப் புகழ்ச்சி என்று தமிழ் ஐயா நடத்தினார். தொண்டைமானுக்கு அங்கேயே உறைத்திருக்கும். கொலம்போவின் ஆட்களுக்கு உறைக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அவர்கள் சாமானியப்பட்டவர்களும் இல்லை. இசைக்குழு நடத்துனர், அறுவை மருத்துவர், செஸ் மேதை, திராட்சை மது ரசிகர் என்று எல்லாரும் தம் வேலையில் கொடிகட்டிப் பறந்தவர்கள். 'இந்தக் கசங்கிய கோட்டா என்னைப் பிடிக்கப் போகிறது' என்ற எண்ணம்தான் அவர்களுக்குச் சுருக்காக அமைகிறது. கயிற்றைக்கூட அவர் கொண்டுவருவதில்லை, அவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

கன்னியாஸ்திரீ வந்த அதே கதையின் முடிவைச் சொல்கிறேன். கலேஸ்கோ என்ற பெரிய புகைப்படக்காரர். மனைவியை நாற்காலியில் கட்டிவைத்துப் படம் எடுத்து, யாரோ கடத்தியது போல ஜோடித்துவிட்டு, கொன்றுவிடுகிறார். படத்தில் பின்னால் ஒரு கடிகாரம். மணி இரண்டு. அந்த நேரத்துக்கு இவரிடம் கச்சிதமான கணக்கு இருக்கிறது. கொலம்போ அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்து வைக்கிறார். அதில் மணி பத்து. இடம் வலமாகத் திருப்பி அச்சிட்டிருக்கிறார், வேண்டுமென்றே. "பத்து மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று உங்களால் சொல்ல முடியாதே சார்!"

கலேஸ்கோவுக்குக் கொதிக்கிறது. கொலைப் பழிக்காக மட்டும் அல்ல, சித்தப்பா. ஒரு மடையன் தன் படத்தை இடம் வலமாக அச்சிட்டுவிட்டானே என்று! "படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறாய், மூலப் படத்தை எடு" என்கிறார். "அதை நான் தவறுதலாகப் பாழாக்கிவிட்டேனே" என்று கொலம்போ தலையைச் சொறிகிறார். "நெகட்டிவ் இருக்கும், கேமராவுக்குள்ளேயே இருக்கும்!" என்று பின்னால் இருக்கும் அலமாரிக்குப் போகிறார் கலேஸ்கோ. அங்கே வரிசையாகக் கேமராக்கள். கை தயங்காமல் அதில் ஒன்றை எடுக்கிறது.

அறையில் சத்தமே இல்லை. கொலம்போ திரும்பி, அங்கே நிற்கும் போலீஸ்காரர்களை ஒவ்வொருவராகக் கேட்கிறார்: "இவர் இப்போது செய்ததை நீங்கள் பார்த்தீர்களா?" "பார்த்தேன்." "நீங்கள்?" "பார்த்தேன்." மூன்றாவது ஆள் பதில் சொல்வதற்குள் கலேஸ்கோவின் முகம் வெளிறிவிடுகிறது. அந்தப் படம் எந்தக் கேமராவில் எடுத்தது என்று எடுத்தவனுக்கு மட்டும்தானே தெரியும்?

நான் முதன்முதலாக இந்தக் காட்சியைப் பார்த்தபோது சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை. உங்களுக்குப் புரியும். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது நடந்ததுதான் நினைவுக்கு வந்தது. ஆணியில் தொங்கிய உங்கள் சட்டையிலிருந்து ஐம்பது ரூபாய் போனது. சித்திக்குப் பாத்திரம் தேய்க்க வந்த அக்கா மேல் சந்தேகம். நீங்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, "சட்டையில ஐந்நூறு ரூபா வச்சிருந்தேன், காணோம்" என்று பொதுவாகச் சொன்னீர்கள். வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்த நான் தலையைக்கூடத் தூக்காமல், "ஐம்பதுதானே இருந்திச்சு" என்றேன். நீங்கள் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினீர்கள், அவ்வளவுதான். அடி விழுந்திருந்தால் மறந்திருப்பேன்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கொன்றவன் யார் என்று முதலிலேயே காட்டிவிட்டால் என்ன சுவாரசியம்? நீங்கள் எனக்குச் சொன்ன மரியாதை ராமன் கதையை நினைத்துப் பாருங்கள். நான்கு பேர் கிழவியிடம் பானையைக் கொடுத்துவைக்கிறார்கள், ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு கம்பி நீட்டுகிறான், மற்ற மூவரும் அவள் கழுத்தைப் பிடிக்கிறார்கள். எடுத்தவன் யார் என்பதில் அங்கே என்ன மர்மம்? கேட்கிற குழந்தைக்கும் தெரியும். "நான்கு பேரும் சேர்ந்து வாருங்கள், தருகிறாள்" என்ற அந்த ஒரு வரிக்காகத்தானே காத்திருந்தோம்?

எனக்கு இதில் இன்னொரு காரணமும் தோன்றுகிறது, அதுதான் பெரியது. போலீஸ்காரர் பொய் சொல்லிப் பிடிப்பதைக் கைதட்டிப் பார்க்க வேண்டுமானால், எதிரில் இருப்பவன் குற்றவாளி என்பது நமக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் கண்ணாலேயே பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது விளையாட்டு இல்லை, கொடுமை. அமெரிக்காவில் விசாரணையின்போது போலீஸ் பொய் சொல்வதை 1969இல் ஃப்ரேசியர் வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. உன் கூட்டாளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்று சந்தேக நபரிடம் புளுகியிருந்தார்கள். இப்படிப் பொய்யில் மிரண்டு, செய்யாததைச் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு உள்ளே போனவர்களும் அங்கே உண்டு. சிறார்களிடம் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று இலினாய் மாநிலம் 2021இல் சட்டம் போட்டது. தொலைக்காட்சியில் மட்டும்தான் பொய் எப்போதும் சரியான ஆள் மேலேயே விழுகிறது.

"கோர்ட்டில் நிற்காது" என்பீர்கள். நம் ஊரில் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 25, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் பிரிவு 23. நீங்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். ஆனால் கொலம்போ வாக்குமூலத்துக்கு அலைவதில்லை, கவனித்தீர்களா? அவருக்கு வேண்டியது ஒரு செய்கை. அலமாரியை நோக்கிப் போகும் அந்தக் கை. அதுவும் சாட்சிகள் முன்னால். ஒரு நல்ல வக்கீல் அதையும் உடைப்பார், ஒப்புக்கொள்கிறேன்.

இதே ரகத்தில் இன்னொருவர் இருக்கிறார், 'மென்டலிஸ்ட்' தொடரின் பேட்ரிக் ஜேன். 2008 முதல் 2015 வரை ஓடியது. இவர் போலீஸே இல்லை. மனசைப் படிக்கிறேன் என்று ஊரை ஏமாற்றிப் பிழைத்தவர். ஒரு கொலைகாரனைத் தொலைக்காட்சியில் கேலி செய்யப்போய், மனைவியையும் மகளையும் அவனுக்குப் பறிகொடுத்தவர். அதன் பிறகு கலிபோர்னியா மாநிலத்தின் சி.பி.ஐ.யில் ஆலோசகர். நம் சி.பி.ஐ. இல்லை, ஆனால் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு டில்லிதான் ஞாபகம் வரும். ஆபீஸ் சோபாவில் தூங்குவார், கோப்பையும் சாசருமாகத் தேநீர் குடிப்பார். சித்திக்கு இவரைப் பிடிக்கும், சிரிப்பு அப்படி. எனக்குக் கொஞ்சம் உறுத்தும். கொன்றவன் யார் என்று நமக்குத் தெரியாத கதைகள் இவை. இழவு வீட்டில் போய் நின்று, "நீயா கொன்றாய்?" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரையும் சீண்டிப் பார்ப்பார். ஐந்து பேரைக் கிள்ளினால் ஒருவன் கத்துவான் என்ற கணக்கு. மற்ற நால்வருக்கும் வலிக்காதா?

உங்களுக்காக ஒரே ஒரு கதையைப் பென்டிரைவில் போட்டு அனுப்புகிறேன். 1974இல் வந்தது. இதில் கொலைகாரர் கொலம்போவின் மேலதிகாரி, துணை கமிஷனர். பழியை ஒரு பழைய திருடன் மேல் போடத் திட்டமிட்டு, ஃபைலில் அவன் முகவரியைப் பார்த்து, அந்த அறையில் நகைகளை ஒளித்துவைக்கிறார். பிறகு படை பரிவாரத்தோடு வந்து சோதனை போட்டு, "இதோ!" என்கிறார். கொலம்போ மெதுவாகச் சொல்கிறார், இது திருடன் வீடு இல்லை, நான் வாடகைக்கு எடுத்த வீடு. ஃபைலில் இருந்த முகவரியும் அவர் எழுதிவைத்ததுதான். ஐயா சொன்னால் சரி என்று சல்யூட் அடித்தே பழகிய இடத்தில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர் நீங்கள். இதைப் பாதியில் நிறுத்த மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கேட்க வேண்டும் என்று வெகுநாளாக ஒன்று இருக்கிறது. நீங்கள் ஐந்நூறு ரூபாய் என்று சொன்னபோது அந்த அக்கா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்திருக்கும். எடுத்தது நான்தான் என்று முதலிலேயே தெரிந்துதான் அதைச் சொன்னீர்களா, இல்லை யார் வாயைத் திறக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னீர்களா? நான் அன்றைக்குப் பேசாமல் எழுதிக்கொண்டே இருந்திருந்தால் அவரை என்ன செய்திருப்பீர்கள், சித்தப்பா?

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்