கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே யோசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மின்செலவு குறைய வேண்டும் என்று தெர்மாகோல் அச்சுக்குள் கான்கிரீட் ஊற்றிச் சுவர் எழுப்பச் சொல்கிறார்கள். நல்ல சுவர்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பொதுவாக இருபுறமும் 65 மி.மீ. அளவில் தெர்மாகோல், நடுவில் கம்பி கட்டி 150 மி.மீ. கான்கிரீட், அச்சைப் பிரிப்பதே இல்லை, அதுவே வெப்பத்தைத் தடுக்கும் காப்பாகச் சுவரோடு நின்றுவிடுகிறது. ஆனால் கான்கிரீட் இறுகிவிட்டால் பிறகு எதையும் எளிதில் மாற்ற முடியாது. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

இந்தச் சுவரில் காற்று கசிவது மிகக் குறைவு. மின்சாரம் மிச்சமாவதற்கு அதுவும் ஒரு காரணம், அதே சமயம் சமையல், குளியல், நம் மூச்சு என்று உள்ளே சேரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகிறது. அதனால் வெளியேறும் காற்றின் சூட்டையோ குளிர்ச்சியையோ வீணாக்காமல் புதுக்காற்றை உள்ளே கொண்டுவரும் கருவி கட்டாயம் வேண்டும் என்பேன். அதன் குழாய் எங்கே சுவரைக் கடக்கிறது என்பது வரைபடத்திலேயே இருக்கட்டும். பிறகு துளைபோட்டால் கம்பியும் வெட்டுப்படும். ஏசியையும் பழைய கணக்கில் பெரிதாக வாங்கினால், சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும், ஈரப்பதம் மட்டும் போகாது.

என் பெரிய கவலை கான்கிரீட் ஊற்றும் நாளைப் பற்றித்தான். அச்சு அப்படியே நிற்பதால் உள்ளே பொந்து விழுந்தாலும் கண்ணில் படாது. அவசரப்பட்டு முழு உயரத்துக்கும் ஒரே வீச்சில் ஊற்றினால் அச்சு பிதுங்கி உடையும். சுமார் 4 அடி வீதம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஊற்ற வேண்டும், கான்கிரீட்டை அதிரவைத்துப் பொந்தில்லாமல் நிரப்பும் வைப்ரேட்டர் ஜன்னலுக்கு அடியிலும் சரியாகப் போக வேண்டும், முட்டுகள் நகராமல் இருக்கின்றனவா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பழகிய ஆட்கள் கிடைக்கவில்லையா, சரி, வேறு முறையில் கட்டுங்கள்.

அப்புறம், பணத்தையெல்லாம் சுவரில் கொட்டிவிட்டு ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் காப்பில்லாத மேல்தளமும் போட்டால் சூடு அந்த வழியாக வந்துவிடும். உட்புறத் தெர்மாகோலை ஜிப்சம் போர்டால் மூடாமல் விடுவது அதைவிட மோசம், தீப்பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

வீடு கட்டுவோருக்கு இதையெல்லாம் உங்கள் நாளிதழ் விரிவாகச் சொல்ல வேண்டும். வாசல் கதவில் மின்விசிறி பொருத்திக் காற்றுக் கசிவை அளக்கும் சோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள்; உள்வேலை முடிவதற்குள் செய்தால் ஓட்டைகளைக் கண்டுபிடித்து அடைத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்