பன்னாட்டுச் சுரங்க நிறுவனங்களின் வரலாற்றைத் தமிழில் மக்கள் முன் வைக்கக் கோரும் மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

குச்சவெளிப் பிரதேசத்தில் கரைவலைத் தொழில் செய்யும் குடும்பங்களின் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய கனிமங்கள் உள்ளன. இதற்கென 1957இலேயே அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. வலையை உதறும்போது கையில் ஒட்டும் அந்த மணலின் பாரம் எங்களுக்குப் பழக்கமானது. இதைத் தேடி நாளை எந்த வெளிநாட்டு நிறுவனம் விண்ணப்பித்தாலும், அது யார், எங்கே என்ன செய்தது என்பதை நாங்கள் முன்கூட்டியே அறிய வேண்டும்.

பதிவுச் சான்றிதழும் ஆண்டறிக்கையும் இதற்குப் போதா. ரியோ டின்டோ என்ற பன்னாட்டுச் சுரங்க நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நிறுவனம் இங்கு வருகிறது என்று நாங்கள் சொல்லவில்லை. இல்மனைட் தொழிலில் அது பெரிய பெயர் என்பதால் குறிப்பிடுகிறோம். மடகாஸ்கர் கரையில் அது இல்மனைட் அகழ்கிறது. அங்கே பெரும்பங்கு அதனுடையது, மீதி அந்நாட்டு அரசினுடையது. 1873இல் ஸ்பெயின் அரசிடமிருந்து ஒரு சுரங்கத்தை வாங்கி அது தொடங்கியது. 1888இல் அங்கே தாது எரிக்கும் நச்சுப் புகையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது படையினர் சுட்டனர். 1962இல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து பெயர் மாறியது. 1997இல் பழைய பெயருக்கே திரும்பியது. பப்புவா நியூ கினியாவின் போகன்வில் தீவிலுள்ள பங்குனா செப்புச் சுரங்கம் 1972 முதல் அதன் ஆஸ்திரேலியக் கிளையின் கீழ் இயங்கியது. கழிவு ஆற்றில் கொட்டப்பட்டது, நிலத்துக்குரியோர் கொதித்தெழுந்தனர், 1989இல் சுரங்கம் மூடப்பட்டது, உள்நாட்டுப் போர் மூண்டது. 2016இல் நிறுவனம் தன் பங்குகளைக் கைவிட்டு வெளியேறியது. ஆற்றில் படிந்த கழிவு அங்கேயே கிடக்கிறது.

எங்களை மிகவும் உறுத்துவது 2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது. 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த ஜூக்கன் பள்ளத்தாக்குக் குகைகளை இரும்புத் தாதுக்காக ரியோ டின்டோ வெடிவைத்துத் தகர்த்தது. சட்டப்படியான அனுமதி 2013இலேயே அதன் கையில் இருந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டது. தலைமை நிறைவேற்று அதிகாரியும் பதவி விலகினார். குகைகள் போனது போனதுதான். அனுமதிப் பத்திரத்தில் குறை இல்லாதபோதும் இது நடந்ததால்தான் வரலாற்றைக் கேட்கிறோம்.

ஆகவே, அகழ்வு விண்ணப்பம் எதுவும் தங்கள் பரிந்துரைக்கு வரும்போது, விண்ணப்பிக்கும் நிறுவனமும் அதன் தாய் நிறுவனமும் பழைய பெயர்கள், பங்காளிகள், கைவிட்ட சுரங்கங்கள், வழக்குகள், வழங்கிய நட்டஈடு ஆகியவற்றைத் தமிழில் தரவேண்டும் என்று நிபந்தனை விதிக்குமாறு வேண்டுகிறோம். உள்ளூரில் அண்மையில் பதிந்த கிளையின் பெயரில் விண்ணப்பம் வந்தாலும் இந்த நிபந்தனை பொருந்தவேண்டும். அப்பிரதிகள் பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலர் அலுவலகங்களிலும், பொதுக்கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே வைக்கப்படவேண்டும். முன்பொரு கூட்டத்தில் ஆங்கில வரைபடத்தைக் காட்டிவிட்டு வரவுப் பட்டியலில் கையெழுத்து வாங்கினார்கள். அது மீண்டும் நடக்கக்கூடாது.

தங்கள் எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கரைவலைத் தொழிலாளர் குடும்பங்கள்,
குச்சவெளி.