குளத்தடி வயலைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக உன் அழைப்பு வராததால், வேலை மிகுதியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியில் குரல் அடைத்துவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 15 அன்று நடந்த கிராம சபையில் ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. குளத்தடி வயல்களில் 14 ஏக்கரை வாங்கி, மண்ணடித்து உயர்த்தி, வீடுகள் கட்டி விற்கும் திட்டத்துடன் வந்தவர்கள் வண்ண வரைபடம் ஒன்றை விரித்துக் காட்டினார்கள். அந்தப் படத்தில் பூங்கா இருந்தது, நடைபாதை இருந்தது, ஆனால் குளம் நிறைந்து வழியும் மறுகால் தண்ணீர் பழையாற்றுக்குப் போகும் ஓடை மட்டும் இல்லை. மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டாததால் 2006 ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி தங்களுக்குத் தேவையில்லை என்று அவர்கள் கூறினார்கள். அளவு குறைந்தால் அனுமதி வேண்டாம் என்பது சட்டமாக இருக்கலாம். ஆனால் அந்த ஓடையை அடைத்த பிறகும் குடியிருப்புகளின் கழிவுநீர் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும் என்று வடக்கு வீட்டு அத்தை எழுந்து கேட்டபோது, அதற்கு அவர்களிடமிருந்து விடை வரவில்லை.

சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது நீ எவ்வளவு மகிழ்ந்தாய் என்பது எனக்கு நினைவிருக்கிறது. கூழைக்கடாக்களின் படத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டியதாகச் சொன்னாய். அந்தக் குளங்களுக்குக் காவல் வந்துவிட்டது; நம்முடையதைப் போன்ற சிறு குளங்களுக்கும், அவற்றின் கீழே கிடக்கும் வயல்களுக்கும் வரவில்லை. வயல் என்பது நெல் விளையும் இடம் மட்டுமன்று. பேச்சிப்பாறை அணை 1906இல் திறக்கப்படுவதற்கு முன்பே இங்கு குளமும் வயலும் ஒன்றையொன்று நம்பித்தான் இருந்தன. மழை மிஞ்சினால் குளத்தின் மறுகால் பாயும், வயல் அதைக் கணுக்கால் அளவுக்குத் தேக்கி வைத்துக்கொண்டு மெல்ல ஆற்றுக்கு விடும், மிச்சம் மண்ணுக்குள் இறங்கி நம் கிணறுகளுக்கு வரும். மேட்டில் வீடு எழுந்தால் அந்தத் தண்ணீர் பள்ளத்தில் இருப்பவன் வீட்டைத்தான் தேடிப் போகும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன், இப்போது கொத்தனார் வேலை செய்கிறான், எழுந்து நின்று, "டீச்சர், உங்களுக்கு வீடு இருக்கிறது, நாங்கள் மூன்று சென்ட் மனைக்கு வழியில்லாமல் வாடகை கொடுக்கிறோம், வீடு கட்ட வேண்டாம் என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டான். அங்கு எழவிருப்பவை அவனைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய வீடுகள் அல்ல. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்துக் கட்டப்படுபவை அவை. ஆயினும் அவனிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதன் காரணத்தை உன் அப்பாவிடமும் நான் பேசியதில்லை.

1996இல் நம் வீடு கட்டும்போது நீ கைக்குழந்தை. அது கும்பப்பூ நெல் விளைந்துகொண்டிருந்த 18 சென்ட் வயல். மலையடிவாரத்திலிருந்து லாரி லாரியாகச் செம்மண் வந்து இறங்கியது. முன்பக்கத்தில் எட்டடி அகலத்தில் ஓடிய ஓடைக்கு ஒரு பாலம் கட்டலாம் என்றுதான் அப்பா சொன்னார். செலவு கூடும், குழாய் பதித்து மூடினால் கார் வாசல் வரை வரும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். இரண்டடிக் குழாய் பதித்தோம். அந்த வரிசையில் முதலில் மூடப்பட்ட ஓடை நம் வாசலில் இருப்பதுதான். நம்மைப் பார்த்துப் பிறகு மற்றவர்களும் மூடினார்கள்.

2021 நவம்பர் மழையில் அந்தக் குழாயின் வாயில் வாழைத்தண்டும் பிளாஸ்டிக்கும் அடைத்து, தண்ணீர் திரும்பி அத்தையின் அடுக்களைக்குள் புகுந்தது. நள்ளிரவில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அரிசி டிரம் கவிழ்ந்து கிடந்தது, அரிசி தண்ணீரில் வெண்மையாக மிதந்து என் வாசற்படியில் வந்து மோதியது. அத்தை தன் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நம் திண்ணையில் விடியும்வரை நின்றார், ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. மறுநாள் நீ பதறி அழைத்தபோது, நம் வீட்டுக்குள் ஒரு சொட்டுகூட வரவில்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். மகனே, அந்தப் பெருமை இன்றும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

ஆகவே அடுத்த கிராம சபைக்கு முன்பாக அந்தக் குழாயைப் பெயர்த்து, ஓடையைப் பழைய அகலத்துக்குத் திறந்துவிடப் போகிறேன். கார் சாலையிலேயே நிற்கட்டும். கொத்தனாராக இருக்கும் அந்த மாணவனிடமே வேலையை ஒப்படைத்திருக்கிறேன். இதைச் செய்யாமல் அக்டோபர் 2 அன்று அந்தச் சபையில் எழுந்து பேச எனக்கு வாய் வராது.

நீ எந்தத் தாளில் கையெழுத்திடும் முன்பும் முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும். உனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட உரிமை தரும் பொது அதிகாரப் பத்திரம் என்பது சிறிய தாள், ஆனால் அதன் பிறகு கேட்கவே வேண்டியதில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். தங்கையின் கையெழுத்தும் என் கையெழுத்தும் இல்லாமல் நம் குளத்தடி வயல் 40 சென்ட் அசையாது என்பதை நீ அறிவாய். கடன் நெருக்கினால் என்னிடம் சொல். என் வளையல்கள் வங்கிப் பெட்டகத்தில் சும்மாதான் கிடக்கின்றன. பட்டம் வாங்கி, வேற்று நாட்டில் தலைநிமிர்ந்து நிற்கும் பிள்ளையைப் பெற்றவள் நான் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். மீண்டும் சொல்கிறேன், படிக்காமல் கையெழுத்திடாதே.

சபை முடிந்து வரும் வழியில் தரகர் என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்கள் மகன் சம்மதம் சொல்லிவிட்டார், இனி நீங்கள் எதற்கு வீணாக வெயிலில் நிற்கிறீர்கள்?" என்றார். அத்தை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தரகர் சொல்வது பொய், என் மகன் என்னிடம் கேட்காமல் அப்படிச் செய்ய மாட்டான் என்று அத்தையிடம் உடனே கூறினேன்.

நான் கூறியது சரிதானா என்று மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா