யூகோஸ்லாவியா பற்றி எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக அரசியல் எழுதும் தமிழ் இதழ்களின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தென்கிழக்கு ஐரோப்பாவில் இருந்த யூகோஸ்லாவியா 1990களில் உடைந்த கதையை அண்மையில் உங்களில் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: நூற்றாண்டுகால இனப்பகை. நாட்டை ஆண்ட டிட்டோ அதை அடக்கி வைத்திருந்தாராம், 1980இல் அவர் போனதும் வெடித்துவிட்டதாம். இதையே இன்னும் எத்தனை முறை அச்சடிப்பீர்கள்?

குடியரசுகளுக்கு அதிகாரம் பிரித்துக் கொடுத்த 1974 அரசியல் சட்டமும், கூட்டரசில் இருந்த ஆறு குடியரசுகளும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. பணத்துக்கும் வாக்குக்கும் ஆளுக்கொரு பத்தி கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஜெர்மனியில் கூலி வேலை பார்த்த போஸ்னியாக்காரர்கள், சம்பாதித்த ஜெர்மன் மார்க் பணத்தை ஸ்லோவேனியக் குடியரசின் லியுப்லியான்ஸ்கா வங்கியின் சரயேவோ கிளையில் போட்டு வைத்தார்கள். நல்ல வட்டி, அதோடு அரசு உத்தரவாதம். கூட்டரசுக்கோ வெளிநாட்டுக் கடன் சுமார் 2,000 கோடி டாலர். நாடு முழுக்க இப்படிச் சேர்ந்த அந்நியச் செலாவணி பெருமளவில் தலைநகர் பெல்கிரேடில் இருந்த யூகோஸ்லாவிய தேசிய வங்கியின் கணக்குக்கு மாறியது. பிறகு, போட்டவர்களே எடுக்க முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. நாடு உடைந்ததும், வாரிசு நாடுகள் பேசித் தீர்க்கட்டும் என்று ஸ்லோவேனியா ஒதுங்கிக்கொண்டது. 2014இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே வழி பிறந்தது. அதற்குள் எத்தனை பேர் பாஸ்புக்கோடு போய்ச் சேர்ந்தார்களோ!

1989 முடிவில் பணவீக்கம் ஆயிரம் சதவீதத்தைத் தாண்டியபோது, ஒவ்வொரு குடியரசும் தன் பையை இறுக்கிப் பிடித்தது. 1990இல் குடியரசுதோறும் பல கட்சித் தேர்தல் நடந்தது. கூட்டரசுக்கு மட்டும் நடக்கவே இல்லை. நாடு முழுவதும் வாக்குக் கேட்க வேண்டிய தேவை எந்தத் தலைவருக்கும் இல்லை. செர்பியத் தலைவர் மிலோசெவிச், செர்பியாவுக்குள் இருந்த கொசோவோ, வோய்வோதினா மாகாணங்களின் தன்னாட்சியைப் பறித்துவிட்டு, கூட்டரசின் எட்டுப் பேர் கொண்ட கூட்டுத் தலைமையில் அவற்றின் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டார். செர்பியாவின் சொந்த வாக்கோடு மொண்டெனேக்ரோ குடியரசும் சேர, எட்டில் நான்கு வாக்கு அவர் கையில். அதன் பிறகு பகை தேவைப்பட்டது. தயாரித்தார்கள்.

1981 கணக்கெடுப்பில் 12 லட்சம் பேருக்கு மேல் தங்களை 'யூகோஸ்லாவியர்' என்றே பதிந்தார்கள். பாவம், நூற்றாண்டுப் பகை அவர்களுக்கு மறந்துவிட்டது போலும்! செக்கோஸ்லோவாக்கியா 1993இல் ஒரு குண்டுகூட வெடிக்காமல் பிரிந்ததே, அங்கே என்ன எழுதுவீர்கள்? இடதுசாரி இதழ்களோ எல்லாப் பழியையும் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) தலையில் கட்டுகின்றன. கடன் வாங்கிச் செலவழித்தவர்கள் பச்சைக் குழந்தைகளா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்தருள்க. போஸ்னியாவில் 1995இல் நடந்த ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையை மறைக்கச் சொல்லவில்லை; கொன்றவர்களைக் கொன்றவர்கள் என்றே எழுதுங்கள். கூடவே பணத்துக்கும் வாக்குக்கும் அந்த இரண்டு பத்திகளை, முடிந்தால் அடுத்த இதழிலேயே, சேர்க்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சந்தா கட்டிப் படிக்கும் வாசகன்