பஜனை இசைத்தட்டுக்கு அலமாரி, ஜாஸ் இசைத்தட்டுக்குக் குப்பை வண்டியா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோவில் கமிட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம், மெரிபேங்க் சங்க நிர்வாகிகளுக்கும் கோவில் கமிட்டி அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமாகி, காரியம் எல்லாம் முடிந்து, பிள்ளைகள் கராஜை ஒழிக்கும்போது கிடைக்கிற பழைய ரெக்கார்டுப் பெட்டிகளைப் பல குடும்பங்கள் உங்கள் மண்டபத்துக்குத்தான் கொண்டுவந்து கொடுக்கின்றன. நீங்களும் மரியாதையோடு வாங்கிக்கொள்கிறீர்கள். அப்புறம் பெட்டியைப் பிரித்து பாகவதர் பாட்டு, திருப்புகழ், பஜனை என்று தமிழில் இருப்பதை மட்டும் எடுத்து அலமாரியில் வைக்கிறீர்கள். மீதி இருக்கிற ஜாஸும், கருப்பின அமெரிக்கர்களிடமிருந்து வந்த சோல் பாட்டும் "இது நம்முடையது இல்லை" என்று வாசலுக்குப் போய்விடுகிறது. போன மழைக்காலத்தில் ஒரு மண்டபத்தின் பின்பக்கம் அப்படி வைத்த பெட்டிகளை நான் பார்த்தேன். உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், லேபிள் எல்லாம் ஊறி உரிந்து கிடந்தன. அதில் 'தி ஃப்ளேம்ஸ்' குழுவின் எல்.பி. ஒன்றும் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஃப்ளேம்ஸ் யார்? நம் டர்பன் பையன்கள். ஃபத்தார் சகோதரர்கள் ஆரம்பித்த குழு. 1967-ல் 'பர்னிங் சோல்', அடுத்த வருஷம் 'சோல்ஃபயர்' என்று தட்டுப் போட்டார்கள், அதில் வந்த 'ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்' கேட்காத கல்யாண வீடே அந்தக் காலத்தில் இங்கே இல்லை என்று எங்கள் மாமா சொல்வார். பிறகு அமெரிக்காவின் பீச் பாய்ஸ் ராக் குழுவின் கார்ல் வில்சன் லண்டனில் இவர்கள் வாசிப்பதைக் கேட்டு அமெரிக்காவுக்கே கூட்டிப்போனார், 1970-ல் பீச் பாய்ஸின் சொந்த லேபிளில், அதாவது ரெக்கார்டு நிறுவனத்தில், இவர்கள் தட்டு வந்தது, 1972-ல் ரிக்கி ஃபத்தாரும் பிளாண்டி சாப்ளினும் அந்தக் குழுவிலேயே சேர்ந்துவிட்டார்கள். ஊரே கொண்டாட வேண்டிய பையன்களின் தட்டை மழையில் போட்டுவிட்டு எது நம்முடையது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஜாஸ் விஷயத்துக்கு வாருங்கள். ஐம்பதுகளில் டர்பன் விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்ச் என்ற உணவகத்தில் ஜாஸ் வாசித்தார்கள், நம் ஆட்கள் உட்கார்ந்து கேட்டார்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் கோஹினூர் என்ற ரெக்கார்டுக் கடை வைத்திருந்த ரஷீத் வாலி நம்மைப் போல இந்திய வம்சாவளிதான். 1974-ல் பியானோ கலைஞர் டாலர் பிராண்ட், அதாவது அப்துல்லா இப்ராஹிம், கேப் டவுனில் பதிவு செய்த 'மேனன்பர்க்' தட்டை அவர்தான் தன் கைக்காசைப் போட்டு வெளியிட்டார். கடைக்கு வெளியே ஸ்பீக்கர் வைத்து அதைப் போட, தெருவில் போன ஜனம் உள்ளே வந்து வாங்கியது. பியானோவின் சுத்தியல்களில் ஆணி குத்தி வைத்து வாசித்ததால் வரும் அந்தத் தகரச் சத்தம் இந்த நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? அது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நிறவெறி ஆட்சிக்கு எதிரான போராட்டத்தின் பாட்டாகவே ஆகிப்போனது. ஒரு இந்தியக் கடைக்காரர் போட்ட தட்டு நம் மண்டபத்துக்கு வந்தால் மட்டும் எப்படி அந்நியமாகிவிடும்?

என்னிடம் இருக்கிற மேனன்பர்க் தட்டு ஷால்கிராஸில் ஒரு வீட்டிலிருந்து வந்தது. உள்ளே இருந்த காகித உறை கிழிந்துபோனதால் அந்த வீட்டு ஐயா தமிழ் நாட்காட்டித் தாள்களை ஒட்டி ஒரு உறை செய்திருக்கிறார், ராகு காலம், எமகண்டம் எல்லாம் அதில் தெளிவாகத் தெரிகிறது. லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் தமிழில் தன் பெயரை எழுதி, கீழே "திருப்பித் தரவும்" என்று போட்டிருக்கிறார். அப்படியென்றால் இது வீடு வீடாகக் கைமாறிக் கேட்ட தட்டு. முதல் பக்கம் ஊசி தேய்த்துத் தேய்த்து நரைத்துப்போயிருக்கிறது, பின்பக்கம் 'தி பில்கிரிம்' இன்னும் பளபளவென்று இருக்கிறது. வெளிநாட்டு டீலர்கள் இதைப் பார்த்தால் பேனா எழுத்து இருக்கிறது என்று விலையைக் குறைப்பார்கள். எனக்கு அந்த எழுத்துதான் பொக்கிஷம். சாட்ஸ்வர்த்திலும் ஷால்கிராஸிலும் நம் ஆட்கள் என்ன கேட்டார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி எங்கே கிடைக்கும்?

கட்டுப்பாடில்லாமல் மனம்போல வாசிக்கிற ஃப்ரீ ஜாஸ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் முதலில் குப்பைக்குப் போகிறது. போட்டுப் பார்த்துவிட்டு "ஒரே இரைச்சல்" என்று நிறுத்திவிடுகிறார்கள். ப்ளூ நோட்ஸ் என்ற குழு கிறிஸ் மெக்கிரிகர் என்ற வெள்ளைக்காரரும் டூடூ புக்வானா, மோங்கேசி ஃபேசா, ஜானி டயானி, லூயிஸ் மொஹோலோ போன்ற கருப்பினக் கலைஞர்களும் சேர்ந்த குழு. ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்க அன்றைய நிறவெறிச் சட்டம் விடவில்லை. 1964-ல் பிரான்சில் நடந்த ஆந்தீப் ஜாஸ் விழாவுக்குப் போனவர்கள் அப்படியே வெளியே தங்கிவிட்டார்கள். கிளம்புவதற்கு முன்னால் அவர்கள் வாசித்ததைப் பதிவு செய்தது எங்கே தெரியுமா? டர்பனில். அது வெளிவர 31 வருஷம் ஆனது, 1995-ல்தான் லண்டனில் ஓகன் என்ற சின்ன லேபிள் போட்டது. ஃபேசா 1975 டிசம்பரில் 30 வயதில் இறந்தபோது, மீதி நால்வரும் சில நாட்களுக்குள் ஒன்றாகக் கூடி, முன்கூட்டி எதுவும் பேசி வைக்காமல் துக்கத்தை வாசித்தே தீர்த்தார்கள், அதுவும் ஓகன் தட்டாக இருக்கிறது. காவடி நாளில் இரண்டு மேளக்காரர்கள் எதிரெதிரே நின்று அடிப்பதைக் கேட்டு வளர்ந்த காது நமக்கு. அந்தக் காதோடு லூயிஸ் மொஹோலோவின் டிரம்ஸை ஒரு முறை முழுசாகக் கேளுங்கள், இரைச்சல் என்று சொல்ல மாட்டீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், இந்தத் தட்டுகள் பல ஆரம்பத்திலேயே கொஞ்சம்தான் அடிக்கப்பட்டன. 1960-ல் வந்த ஜாஸ் எபிஸில்ஸ் என்ற குழுவின் தட்டு, ஹியூ மசகேலாவும் டாலர் பிராண்டும் கிப்பி மொகெட்சியும் வாசித்தது, 500 பிரதிதான் என்று சொல்வார்கள். அரசாங்க வானொலியோ பிடிக்காத பாட்டின் மேல் கூர்மையான எதையாவது வைத்துக் கீறி, ஒலிபரப்பவே முடியாதபடி செய்து வைத்தது. ஆக, கீறல் படாத தட்டு இருப்பது வீடுகளில்தான். அந்த வீடுகளை ஒழிக்கும் தலைமுறை இதுதான்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒரு அலமாரி, வெயில் படாத சுவர் பக்கமாக. தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் வளைந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் உறைகளில் பூஞ்சை பிடிக்கும், அதனால் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளியே வையுங்கள். இன்னொன்று, தயவுசெய்து கவனியுங்கள்: கோவில் அலமாரியில் இருக்கிற நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய 78 தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறார்கள். அவை அரக்கில் செய்தவை, ஸ்பிரிட் பட்டால் கரையும், பாட்டே போய்விடும். காய்ந்த மெல்லிய துணி போதும். கடை ஸ்டிக்கர், பெயர், தேதி எதையும் உரிக்க வேண்டாம். பெட்டி கொண்டு வருகிறவரிடம் யாருடையது, சாட்ஸ்வர்த்தில் எந்த யூனிட் (வட்டாரம்), அரசாங்கம் காலி செய்யவைத்த கேட்டோ மேனரிலிருந்து வந்த குடும்பமா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

விற்க நினைக்கும் குடும்பங்களையும் நான் குறை சொல்லவில்லை, பணம் எல்லாருக்கும் தேவைதான். ஆனால் முழுப் பெட்டிக்கு ஒரே விலை சொல்கிற ஆளிடம் கொடுக்காதீர்கள், அவர் ஒரு தட்டிலேயே அந்தக் காசை எடுத்துவிடுவார். முதலில் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குக் கேட்கக் கொடுங்கள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் சொல்லிக்கொடுக்கிறார்கள், அங்கே படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தத் தட்டுகளை நேரில் பார்த்திருப்பார்கள்?

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தராசு பார்ப்பது போல மொழியைப் பார்த்துத் தட்டைப் பிரிக்க வேண்டாம் என்று ஒரு தீர்மானம், ஒரு அலமாரி, மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்க அனுமதி. டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் நானே வண்டியில் கொண்டு வருகிறேன், மண்டபத்துச் சாவியை மட்டும் கொடுங்கள்.