விலைப்பட்டியலில் இல்லாத அந்த 6 மில்லிமீட்டர்: கட்டட ஒப்பந்ததாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெயிலும் ஈரக்காற்றும் மிகுந்த ஊர்களில் வீடு கட்டித் தரும் ஒப்பந்ததாரர்களுக்கும், வேலையை நின்று பார்க்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

வீட்டை ஒப்படைத்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் கூடத்து நடுவில் டப்பென்று சத்தம் கேட்டு, நாலு டைல்ஸ் கூரை போலத் தூக்கி நிற்கும். வீட்டுக்காரர் உங்களை அழைப்பார். நீங்கள் சரக்கு மட்டம் என்பீர்கள். கடைக்காரர் மேஸ்திரியைக் கைகாட்டுவார். மேஸ்திரி வெயில்மேல் பழியைப் போடுவார். நீங்கள் கொடுத்த விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தால் டைல்ஸின் அளவு, நிறம், சதுர அடிக் கணக்கு எல்லாம் இருக்கும். எந்தப் பசை, எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, எவ்வளவு வாட்டம் என்பது மட்டும் இருக்காது. எழுதாததை யாரும் செய்வதில்லை. அவற்றை எழுத்தில் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் டைல்ஸ் தண்ணீர் குடிக்கும் அளவு. ஐஎஸ்ஓ 13006 தரநிலை டைல்ஸை இதை வைத்துத்தான் பிரிக்கிறது. 0.5 சதவீதமும் அதற்குக் கீழும் உறிஞ்சுபவை விட்ரிஃபைட் அல்லது போர்சலின். 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சுபவை உட்புறச் சுவருக்கானவை. நடுவில் 3, 6 சதவீத எல்லைகளில் மற்ற வகைகள் வரும். பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதிகம் குடிக்கும் டைல்ஸ் ஈரக்காற்றில் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல விரிகிறது. அந்த விரிவு திரும்பச் சுருங்குவதில்லை. மேலே உள்ள பளபளப்புப் பூச்சு அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்காமல் மயிரிழை வெடிப்புகளாகப் பிளக்கிறது. ஆகவே சுவர் டைல்ஸை மழை படும் வெளிச்சுவருக்கும் தரைக்கும் கொண்டுபோகாதீர்கள்.

தண்ணீர் குடிக்காத டைல்ஸில் வேறொரு சிக்கல் உண்டு. நம் கைப்பழக்கம் அதற்கானதல்ல. சிமெண்ட் பால், டைல்ஸின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகித்தான் பிடிக்கும். பழைய டைல்ஸைத் தொட்டியில் ஊறவைத்ததற்குக் காரணம், அது கலவையின் தண்ணீரை அவசரமாக இழுத்துவிடக் கூடாது என்பது. விட்ரிஃபைட் டைல்ஸை ஊறவைத்தால் பின்புறத்தில் ஒரு நீர்ப்படலம் நிற்கும், அவ்வளவுதான். புகத் துளை இல்லாத முதுகில் சிமெண்ட் பால் வெறுமனே படிந்து, காய்ந்து, சுருங்கி விடுபடும். பெயர்ந்த டைல்ஸைத் திருப்பிப் பாருங்கள். முதுகு கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தால், அது கடைசிவரை ஒட்டவே இல்லை என்று பொருள். சூளையில் ஒட்டாமலிருக்கப் பூசும் வெள்ளைத்தூள் முதுகில் தங்கியிருந்தாலும் இதே கதிதான். ஒட்டுமுன் ஈரத்துணியால் அதைத் துடைக்கச் சொல்லுங்கள்.

பசையை ஐஎஸ்ஓ 13007 குறிகளைப் பார்த்து எழுதுங்கள். சி1 (C1) என்றால் ஒட்டுவலிமை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 0.5 நியூட்டன், சி2 என்றால் 1 நியூட்டன். விட்ரிஃபைடுக்கு சி2. சுவரில் சரியாமலிருக்க டி (T) குறி, வெக்கையில் சீக்கிரம் தோல் கட்டாமலிருக்க இ (E) குறி, மொட்டை மாடிக்கும் வெயில் அறையும் சுவருக்கும் வளைந்துகொடுக்கும் எஸ்1 (S1) குறி. இ குறி சொல்லும் 30 நிமிடம் ஆய்வகத்தில், 23 டிகிரியிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் அளந்தது. காற்றடிக்கும் மாடியில் உச்சி வெயிலில் அதில் பாதிகூடக் கிடைக்காது. விரித்த பசையை விரலால் தொடுங்கள். விரலில் ஒட்டாவிட்டால் தோல் கட்டிவிட்டது, சுரண்டி எறிய வேண்டியதுதான். வாளியில் இறுகத் தொடங்கிய பசைக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் இளகும், ஆனால் வலிமை திரும்பாது. மாடி வேலையைக் காலையிலோ சாயங்காலமோ வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்து சுடும் தளத்தை முன்கூட்டியே நனைத்து, நீர் தேங்காமல் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். மூட்டைகளைப் பலகைமேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். ஈரக்காற்றில் பிரித்த மூட்டை ஓரிரு நாளில் கட்டி தட்டும்.

பசை நல்லதாக இருந்தும் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்தினால் பயனில்லை. உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம் நிற்கும். தட்டினால் பொக்குச் சத்தம் வரும், பாரமான சாமான் விழுந்தால் அங்கேதான் உடையும், குளியலறையில் அந்த வெற்றிடத்தில்தான் அழுக்குத் தண்ணீர் தங்கி நாறும். 60×60 செ.மீ. டைல்ஸுக்கு 10 மி.மீ. பல் கரண்டியால் ஒரே திசையில் கோடிழுத்து, டைல்ஸ் முதுகிலும் மெல்லிய பூச்சு கொடுத்து, கோடுகளுக்குக் குறுக்காக நகர்த்தி அழுத்த வேண்டும். உலர்ந்த அறையில் 80 சதவீதப் பரப்பாவது பசை பிடித்திருக்க வேண்டும், ஈரமான இடத்திலும் வெளியிலும் 95 சதவீதம். பசை மேடுபள்ளத்தை நிரப்பும் சாமான் அல்ல. பெரிய டைல்ஸுக்கு 3 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் தளத்தை முதலில் மட்டப்படுத்துங்கள். மரப்பலகை போன்ற நீள டைல்ஸ் நடுவில் சற்று வளைந்துதான் சூளையிலிருந்து வரும். பாதிக்குப் பாதி தள்ளி வைத்தால் ஒன்றின் மேடு அடுத்ததன் பள்ளத்தோடு சேர்ந்து கால் தட்டும். மூன்றில் ஒரு பங்கு தள்ளினால் போதும்.

இனி தலைப்பில் சொன்ன 6 மில்லிமீட்டர். கான்கிரீட் காய்ந்து சுருங்கும், டைல்ஸ் வெயிலில் விரியும். 6 மீட்டர் கூடத்தில் தளம் மீட்டருக்கு அரை மி.மீ. சுருங்கினால் மொத்தம் 3 மி.மீ. போர்சலின் ஒரு டிகிரிக்கு மீட்டரில் சுமார் 0.007 மி.மீ. விரியும், கண்ணாடிக் கதவு வழியே வெயில் விழுந்து 30 டிகிரி ஏறினால் இன்னும் ஒன்றேகால் மி.மீ. நாலு மி.மீ.க்கு மேலே போக்கிடம் வேண்டும். சுவரோடு முட்டவைத்து, நடுவில் பேப்பர் ஜாயிண்ட் என்று நூலிழைகூட விடாமல் சேர்த்திருந்தால் அது எங்கே போகும்? மேலேதான். அறையின் நாலு ஓரத்திலும் சுவருக்கும் டைல்ஸுக்கும் நடுவே 6 மி.மீ. விடுங்கள். ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஓடும் பட்டை) அதை மறைத்துவிடும், பார்வைக்கு ஒன்றும் கெடாது. ஆனால் அந்தச் சந்தில் கலவை விழுந்து அடைத்திருந்தால் விட்டும் விடாத கணக்கு. ஒட்டி முடித்ததும் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். உட்புறத்தில் 6 முதல் 7.5 மீட்டருக்கு ஒருமுறையும், வெயில் நேரே படும் மாடியில் 2.5 முதல் 3.5 மீட்டருக்கு ஒருமுறையும் இரு திசையிலும் அசைவு இடைவெளி வேண்டும். அதில் கிரவுட் (டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கலவை) போடாமல், நுரைக்கயிறு வைத்து பாலியூரித்தேன் அல்லது சிலிக்கான் சீலண்ட் அடியுங்கள். தளத்திலேயே ஒரு பிரிவுக்கோடு இருந்தால் டைல்ஸிலும் நேர்மேலே அதே கோடு வந்தாக வேண்டும். அதன்மேல் குறுக்காக ஒட்டிய டைல்ஸ் பிளக்கும்.

மற்றபடி டைல்ஸ்களுக்கு நடுவே உள்ளே 2 முதல் 3 மி.மீ., வெளியே 5 மி.மீ. இடைவெளி. ஸ்பேசர் (இடைவெளி சீராக இருக்க நடுவே வைக்கும் துண்டு) இல்லாமல் கண்மதிப்பில் வைக்கும் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வழுக்கலைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், ஏறத்தாழ 28 டிகிரிக்குக் கீழுள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். மண்ணோடு ஒட்டிய கீழ்த்தளமும், ஏசி ஓடி நின்ற அறையின் தரையும் அதனால்தான் வியர்க்கின்றன. தண்ணீர் சிந்தாமலே பளபளப்பான தரை வழுக்கும். இதற்கு மருந்து தரையில் இல்லை. ஈரக்காற்று உள்ளே வரும் வேளையில் ஜன்னலை மூடுவதும் மின்விசிறி ஓடுவதும்தான் உதவும். நீங்கள் செய்யக்கூடியது, நனையும் இடங்களில் பாலிஷ் டைல்ஸைத் தவிர்ப்பது. நனைந்த சமதளத் தரைக்கு டிசிஓஎஃப் (DCOF, ஈரத்தில் கால் வழுக்காமல் பிடிக்கும் உராய்வு எண்) 0.42க்குக் குறையாமலும், குளியலறைக்கு வெறுங்காலுக்கான வழுக்கல் சோதனையில் பி (B) குறியும் கேளுங்கள். ரொம்பச் சொரசொரப்பாக எடுத்தாலும் தொல்லைதான், சோப்பு அழுக்கு ஏறிப் பாசி பிடிக்கும்.

குளியலறையில் டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். கிரவுட் வழியே இறங்கும். வாட்டத்தை டைல்ஸுக்கு அடியில் கலவையிலேயே 80 செ.மீ.க்கு 1 செ.மீ. வீதம் கொடுத்து, அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, இரண்டாவது முதலாவதுக்குக் குறுக்காக. மூலைகளிலும் குழாய் நுழையும் இடங்களிலும் நாடா. பூச்சு சுவரில் 15 செ.மீ., ஷவர் பக்கம் 1.8 மீட்டர் உயரம். பிறகு வடிகாலை அடைத்து 24 மணி நேரமாவது தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியாவிட்டால்தான் டைல்ஸ். பெரிய டைல்ஸ் இந்த வாட்டத்துக்கு மடங்காது, 30×30 செ.மீ. போதும்.

குளியலறைக்கும் சமையலறைக்கும் சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி கிரவுட் எழுதுங்கள். வெக்கையில் சீக்கிரம் இறுகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி, மேல்படலத்தை உடனுக்குடன் துடைக்க வேண்டும். சிமெண்ட் கிரவுட் போட்ட தரையை ஒப்படைக்குமுன் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை நிறுத்துங்கள். அது சிமெண்ட் கறையோடு கிரவுட்டையும் தின்கிறது.

மொட்டை மாடிக்கு வெளிர் நிறம்தான். கறுப்பு டைல்ஸில் காலும் வைக்க முடியாது, அதன் அசைவும் அதிகம்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியவை இவ்வளவுதான்: டைல்ஸ் உறிஞ்சும் சதவீதம், பசையின் குறி, ஓர இடைவெளி, அசைவு இடைவெளிகளின் வரைபடம், தண்ணீர் நிறுத்திப் பார்த்த தேதி. பெட்டியில் உள்ள ஷேடு எண் (நிறச்சாயல் எண்) ஒன்றாகவே இருக்கும்படி 10 சதவீதம் கூடுதலாக வாங்கி, மிஞ்சியதை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். வேலையின் முதல் நாள், ஒட்டிய சூட்டோடு ஏதாவது ஒரு டைல்ஸை மேஸ்திரி முன்னிலையில் பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். பசை முழுக்கப் பிடித்திருந்தால் அன்றைய வேலை தொடரட்டும். இல்லையென்றால் அன்றைக்குப் பெயர்க்க வேண்டியது ஒரு வரிசை மட்டுமே.

இப்படிக்கு,
டைல்ஸ் பதிப்பதையும் பெயர்ந்ததைச் சரிசெய்வதையும் தொழிலாகக் கொண்டவர்கள்